கதவுக்கு வெளியே நின்ற சகோதரன்

தோழா!

கடற்கரைச் சாலையில் நீ நடந்திருக்கிறாய். கூட்டம் முடிந்து, கொடியைச் சுருட்டித் தோளில் சாய்த்தபடி, அண்ணா துயிலும் இடத்திலிருந்து தெற்கு நோக்கி நடந்திருக்கிறாய். இடப்புறம் அலைகடல். வலப்புறம் பல்கலைக்கழகம்; அதனருகே சேப்பாக்கம் அரண்மனை; மாநிலக் கல்லூரி; விவேகானந்தர் இல்லம்; ராணி மேரி கல்லூரி. அதையும் கடந்தால், கம்பீரமான தூண்களோடு வெண்ணிறக் கட்டடமொன்று நிற்கும். வாயிலில் காவலர் நிற்பர். தமிழகக் காவல்துறைத் தலைமையகம் அது.

அந்த வாயிலில் அன்றும் ஒரு காவலன் நின்றான். கையில் உருவிய வாளோடு நின்றான்! 1839ஆம் ஆண்டில் அம்மாளிகையை எழுப்பியது காவல்துறை அன்று. 'பிரீமேசன்' என்னும் சகோதர சங்கம். 1865இல் காவல்துறை அதனை மாதம் 90 ரூபாய் வாடகைக்குப் பிடித்தது. 1874இல் 20,000 ரூபாய் கொடுத்துச் சொந்தமாக்கிக் கொண்டது. வாளேந்தியவன் போனான், துப்பாக்கி ஏந்தியவன் வந்தான். வாயில்காப்போன் மட்டும் மாறாத கட்டடம் அது!

சகோதரர்கள் கூடும் இடத்துக்கு வாளேந்திய காவல் எதற்கு? இந்தக் கேள்வியைக் கையில் வைத்துக்கொள், தோழா. அதுவே இன்றைய கட்டுரைக்கு விளக்கு.

* * *

பிரீமேசன் என்றால் யார்? கதைகள் பல உலவுகின்றன. வடநாட்டில் அவர்கள் கூடும் மண்டபத்தை 'ஜாதுகர்', அதாவது மாய வித்தை வீடு, என்றே மக்கள் அழைத்தனர். உலகையே ஆட்டிப் படைக்கும் இரகசியக் கும்பல் என்று மேலைநாட்டிலும் கதை கட்டினர். பகுத்தறிவாளர்க்கு அக்கதைகள் தேவையில்லை. அவர்தம் சடங்கு இரகசியங்களை 1730ஆம் ஆண்டிலேயே சாமுவேல் பிரிச்சர்டு என்பவர் புத்தகமாக அச்சிட்டு விற்றுவிட்டார். கடையில் கிடைக்கும் இரகசியத்தில் என்ன மாயம் இருக்க முடியும்?

1717ஆம் ஆண்டு, லண்டன் மாநகரில், சாராயக் கடையொன்றில் நான்கு குழுவினர் கூடித் தலைமைச் சபை ஒன்றை நிறுவினர். தேவாலயம் கட்டிய பழங்காலக் கொத்தர்களின் கருவிகளைத் தம் சின்னங்களாகக் கொண்டனர். நம் ஊர்க் கொத்தனார் கையில் இருக்கிறதே மூலமட்டம், அது அவர்கட்கு நேர்மையின் சின்னம். கவராயம், அடக்கத்தின் சின்னம். தூக்குக்குண்டு, நிமிர்ந்த வாழ்வின் சின்னம். மட்டப்பலகையோ சமத்துவத்தின் சின்னம்! கல் உடைப்போன் இடுப்பில் கட்டும் தோலாடையைப் பிரபுக்களும் கட்டிக்கொண்டனர். கிளைச் சங்கத்துக்கு 'லாட்ஜ்' என்று பெயர். பேருந்து நிலையத்தருகே அறை வாடகைக்கு விடுவார்களே, அந்த லாட்ஜ் அன்று. இஃது இன்னார்க்கே இடம் என்னும் லாட்ஜ்.

உள்ளே வந்துவிட்டால் பிரபுவும் சகோதரன், வணிகனும் சகோதரன். நல்ல கொள்கை! அந்தக் காலத்தில் அஃதோர் அருஞ்செயல் என்றே நான் சொல்வேன், மறைக்க மாட்டேன். ஆனால் யார் உள்ளே வரலாம்? 1723இல் ஆண்டர்சன் என்னும் பாதிரியார் தொகுத்த சட்டநூல் விடை சொல்கிறது: பெண்ணுக்கு இடமில்லை, அடிமைக்கு இடமில்லை. தன்னுரிமை பெற்றவனாயிருந்தால் மட்டும் போதாது, தன்னுரிமையோடு பிறந்தவனாக இருக்கவேண்டும் என்னும் விதி 1847 வரையில் நீடித்தது. அடிமைத் தாய் வயிற்றில் பிறந்த குற்றத்தை, விடுதலை பெற்றும் அவனால் கழுவ முடியவில்லை. பிறப்பைக் கேட்டுக் கதவைத் திறக்கும் வழக்கம் நம் நாட்டின் தனிச்சொத்து என்றா எண்ணியிருந்தாய்?

இன்னொரு விதியும் உண்டு. சபைக்குள் மதம் பேசலாகாது, அரசியல் பேசலாகாது. சண்டை வரக்கூடாதே என்னும் நல்லெண்ணத்தில் எழுந்த விதிதான். அந்த விதி என்ன செய்தது என்பதைப் பிறகு காண்போம்.

* * *

இந்தச் சங்கம் கப்பலேறிக் கல்கத்தாவுக்கு 1730 வாக்கில் வந்தது. சென்னையில் முதல் லாட்ஜ் 1752இல் தோன்றிற்று. ஆண்டைக் கவனி! கிளைவு ஆற்காட்டைப் பிடித்தது 1751. வாளும் வணிகமும் வந்த கப்பலில்தான் சகோதரத்துவமும் வந்தது.

கிளைகள் பெருகின, தலைமை வேண்டியதாயிற்று. 1767இல் எட்மண்டு பாஸ்கல் என்னும் படைத்தளபதி, லண்டனிலிருந்து நியமனம் பெற்றுச் சென்னை மாகாணத்துக்குத் தலைவரானார். பின்னர், ஒன்றோடொன்று பூசலிட்ட இரு பிரிவினரும் இங்கே ஒன்றுபட்டனர். 'பூரண ஒருமைப்பாடு' என்று பொருள்படும் பெயரோடு 1786இல் எழுந்த லாட்ஜ் அந்த ஒற்றுமையின் சின்னம். கடற்கரை மாளிகையைக் கட்டியவர்களும் அவர்களே. 1866இல் கடல்கடந்த மாகாணங்களுக்கெல்லாம் 'மாவட்டம்' என்று பெயர் மாற்றினர். சென்னை மாவட்டம் என்றால் சென்னை மட்டும் அன்று. பெங்களூரும் செகந்தராபாத்தும் அதன் குடைக்கீழ் இருந்தன.

அந்த அமைப்பின் ஓர் இயல்பைப் பார். லாட்ஜின் தலைவரை உறுப்பினர்கள் ஆண்டுதோறும் தேர்ந்தெடுப்பர். மாவட்டத் தலைவரையோ லண்டனில் இருக்கும் கிராண்டு மாஸ்டர் நியமிப்பார்! கிளைக்குத் தேர்தல், மாவட்டத்துக்கு நியமனம். சிரிக்கிறாயா, தோழா? சிரி, பிறகு சற்றே சிந்தி.

மேலிருந்து வரும் நியமனம் மேலோரைத்தான் தேடும். லண்டனில் 1874 முதல் 1901 வரை கிராண்டு மாஸ்டராக இருந்தவர், பின்னாளில் ஏழாம் எட்வர்டு மன்னரான இளவரசர். 1901 முதல் 1939 வரை இருந்தவர் அவர் தம்பி கன்னாட் கோமகன். மன்னர் குடும்பம் உச்சியில் வீற்றிருக்க, மாவட்டங்களில் படைத்தளபதிகளும் கவர்னர்களும் வீற்றிருந்தனர். ஆட்சிக் கோபுரத்தின் நிழல் அப்படியே சகோதரக் கூடத்தில் விழுந்தது.

* * *

இனி ஒரு நாடகம் சொல்கிறேன். நான் எழுதிய நாடகம் அன்று; நடந்த நாடகம். இத்தகைய முடிவை நான் எழுதியிருந்தால், 'மிகைப்படுத்திவிட்டாய்' என்று நீயே கடிந்துகொள்வாய்.

காட்சி ஒன்று. திருச்சிராப்பள்ளி. 1775ஐ ஒட்டிய காலம். ஆற்காட்டு நவாபு முகம்மது அலி வாலாஜாவின் மூத்த மகன் உம்தத்துல் உமரா, பிரீமேசன் சங்கத்தில் சேர்கிறார். அச்சங்கத்தில் சேர்ந்த முதல் இந்தியர்களுள் அவர் ஒருவர். செய்தி லண்டனை எட்டுகிறது. தலைமைச் சபை பூரிக்கிறது. வாழ்த்து மடலும், அணிசெய்த விலையுயர்ந்த தோலாடையும் புறப்படுகின்றன. வங்காளத்தில் அரசு வழக்கறிஞராக இருந்த சர் ஜான் டே அவற்றை நேரில் கொணர்ந்து அளிக்கிறார். இளவரசர் பாரசீக மொழியில் நன்றி மடல் எழுதுகிறார். ஆங்கில மேசன் என்னும் பெயரைத் தமக்குக் கிடைத்த பெருமைகளுள் ஒன்றாகப் போற்றுகிறார். சகோதரன் கிடைத்தான் என்று அங்கே மகிழ்ச்சி. சகோதரர்கள் கிடைத்தனர் என்று இங்கே மகிழ்ச்சி. திரை விழுகிறது.

காட்சி இரண்டு. அயர்லாந்து நாடு. 1782. அங்குள்ள பிரீமேசன் தலைமைச் சபைக்கு இளம் பிரபு ஒருவர் கிராண்டு மாஸ்டர் ஆகிறார். மார்னிங்டன் பிரபு ரிச்சர்டு வெல்லெஸ்லி என்பது அவர் பெயர். அவர் தந்தையும் 1776இல் அதே பீடத்தில் அமர்ந்தவர். மட்டப்பலகையும் மூலமட்டமும் மேசைமீது இருக்க, சகோதரத்துவத்தின் காவலராக அவர் வீற்றிருக்கிறார். திரை விழுகிறது.

காட்சி மூன்று. சேப்பாக்கம் அரண்மனை. 1801ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள். 1795இல் நவாபு ஆன உம்தத்துல் உமரா மரணப் படுக்கையில் கிடக்கிறார். அரண்மனையைச் சுற்றிக் கும்பினிப் பட்டாளம்! 1799இல் சீரங்கப்பட்டணம் வீழ்ந்தபோது கிடைத்த காகிதங்களைக் காட்டி, 'நீ திப்புவோடு கடிதம் எழுதினாய். ஆகவே உன் நாடு எமக்கு' என்கிறது கும்பினி. ஜூலை 15ஆம் நாள் நவாபின் உயிர் பிரிகிறது. கும்பினியின் நிபந்தனைக்கு மகன் அலி உசேன் இணங்க மறுக்கிறார். மறுத்தவரைத் தள்ளிவிட்டு, இணங்கிய உறவினர் அசீமுத்தௌலாவை நவாபு என்னும் பெயரில் உட்கார வைக்கின்றனர். ஜூலை 31இல் உடன்படிக்கை. ஆற்காட்டு நாடு போயிற்று!

இதை நடத்திவைத்த கவர்னர் ஜெனரல் யார் தெரியுமா, தோழா? வெல்லெஸ்லி பிரபு! இரண்டாம் காட்சியில் கிராண்டு மாஸ்டர் பீடத்தில் அமர்ந்திருந்தாரே, அதே ரிச்சர்டு வெல்லெஸ்லி!

சகோதரன் படுத்துக் கிடந்தான். சகோதரன் நாட்டை எடுத்துக் கொண்டான். லண்டனிலிருந்து வந்த தோலாடை, பட்டாளத்தின் முன் ஒரு குண்டூசிக்கும் தடையாகவில்லை. ஆங்கிலச் சபை வேறு, அயர்லாந்துச் சபை வேறு என்பர், இருக்கட்டும். இரண்டும் சொன்ன உறவு ஒன்றே. கும்பினியின் கொள்ளைக்கு லாட்ஜ்தான் காரணம் என்று பழி சுமத்த மாட்டேன், அது நேர்மையாகாது. நான் கேட்பது வேறு. சபைக்குள் அரசியல் பேசலாகாது என்றால், சகோதரனின் நாடு பறிபோவதும் அரசியல்தானே? அதை எங்கே பேசுவது? வாய்க்குப் பூட்டுப் போட்டுக்கொண்ட அன்பு, வாளை எப்படித் தடுக்கும்?

நவாபைத் தியாகியாக்கவும் நான் முனையவில்லை. அவர் தந்தை வாங்கிய கடன், குடிகளின் முதுகில் வரியாக விழுந்தது. பாளையக்காரரை ஒடுக்கக் கும்பினியின் பட்டாளத்தை அழைத்தவர்களும் அவர்களே. அதே 1801ஆம் ஆண்டு ஜூன் திங்களில், அதே திருச்சிக் கோட்டையிலிருந்த நவாபின் அரண்மனை வாயிலிலும், திருவரங்கக் கோயில் மதிலிலும், சின்ன மருதுவின் அறிக்கை ஒட்டப்பட்டது. அந்நியனுக்கு இடங்கொடுத்து நவாபு செய்த பிழையை அது இடித்துரைத்தது. சாதி வேறுபாடின்றி எல்லோரும் திரள வேண்டும் என்று அழைத்தது. இளவரசரின் தோலாடைக்குக் கதை பிறந்த ஊர் திருச்சி. மருதுவின் அறிக்கை பிறந்த ஊரும் திருச்சி. ஒன்று, கதவைச் சாத்திக்கொண்டு சொன்ன சகோதரத்துவம். மற்றொன்று, தெருச்சுவரில் ஒட்டிச் சொன்ன சகோதரத்துவம். மருது சகோதரர்கள் அவ்வாண்டு அக்டோபர் 24இல் திருப்பத்தூரில் தூக்கிலேற்றப்பட்டனர். எந்தச் சகோதரத்துவத்தைக் கண்டு ஆதிக்கம் அஞ்சியது என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

* * *

நவாபின் மகனுக்குத் திறந்த கதவு, நாட்டு மக்களுக்குத் திறந்ததா?

பம்பாயில் மாணிக்ஜி கர்செட்ஜி என்னும் பார்சிப் பெருமகனார் லாட்ஜின் கதவைத் தட்டினார், திறக்கவில்லை. அவர் கடல் கடந்து பாரிசுக்குப் போய், 1842இல் அங்கே உறுப்பினராகித் திரும்பினார். 'இப்போது என்ன சொல்கிறீர்கள்?' என்று கேட்பதுபோல் வந்து நின்றார். அதன் பின்னரே, ஸ்காட்லாந்துச் சபையின் தலைவர் ஜேம்சு பர்ன்சின் துணையோடு, 1843இல் இந்தியரும் சேரத்தக்க லாட்ஜ் பம்பாயில் எழுந்தது.

கல்கத்தாவிலோ, மாகாணத் தலைவரின் அனுமதியின்றி ஆசியர் எவரையும் சேர்க்கலாகாது என்று துணைவிதியே எழுதி வைத்திருந்தனர். பிரசன்ன குமார் தத்தர் என்னும் வணிகர் 1863இல் விண்ணப்பித்தார்; மறுத்தனர். மீண்டும் தட்டினார். இந்துவுக்குக் கடவுள் ஒன்றா, பலவா? எந்த நூலின்மீது ஆணையிடுவான்? சாதி பார்ப்பவன் சகோதரன் ஆவானா? இப்படியெல்லாம் வாதிட்டனர். கடைசிக் கேள்வி நம் முதுகில் விழுந்த அடி. வெள்ளையன் கையில் அந்தச் சாட்டையைக் கொடுத்தவர்கள் நம்மவர்களே! ஒன்பது ஆண்டுகள் தட்டினார் தத்தர். 1872இல் கதவு திறந்தது. அதன் வழியேதான் 1884இல் நரேந்திரநாத் தத்தர் என்னும் இளைஞர் கல்கத்தா லாட்ஜ் ஒன்றில் சேர்ந்தார். பின்னாளில் விவேகானந்தர் என்று உலகம் அறிந்தது அவரைத்தான்.

லாட்ஜில் ஒருவரைச் சேர்க்க வாக்கெடுப்பு உண்டு. விரும்புவோர் வெள்ளைக் குண்டு போடுவர். விரும்பாதோர் கறுப்புக் குண்டு போடுவர். கறுப்பு நமக்கு எதிர்ப்பின் நிறம். அங்கே ஒதுக்கலின் நிறம்!

பெண்ணுக்கோ கதவே வைக்கவில்லை. ஆணும் பெண்ணும் சேர்ந்த தனிச் சங்கம் பிரான்சில் 1893இல் தோன்றி, அன்னி பெசன்ட் அம்மையாரால் இந்தியாவுக்கு வந்தது. இங்கிலாந்துச் சபை அதை ஏற்கவில்லை.

சென்னைத் தலைமையிலும் நல்லெண்ணம் கொண்டோர் இல்லாமலில்லை. 1900 முதல் 1906 வரை இங்கே கவர்னராகவும், பிரீமேசன் மாவட்டத் தலைவராகவும் இருந்தவர் ஆம்ப்தில் பிரபு. ஊர் திரும்பிய பின், தென்னாப்பிரிக்க இந்தியர்க்கு இழைக்கப்பட்ட கொடுமையை எதிர்த்துக் குரல் கொடுத்தார். 1909இல் டோக் பாதிரியார் எழுதிய காந்தியார் வரலாற்றுக்கு முன்னுரையும் எழுதினார். அவரைப் போற்றுகிறேன். ஆனால் அந்தக் குரலை அவர் எங்கிருந்து எழுப்பினார்? பூட்டிய கூடத்திலிருந்தா? பொதுமேடையிலிருந்து! கதவைத் தாண்டி வெளியே வந்தபோதுதான் அவரது சகோதரத்துவத்துக்கு நாக்கு முளைத்தது.

* * *

1925ஆம் ஆண்டுக்கு வா. கூவம் ஆற்றங்கரையில், எழும்பூரில், பிரீமேசன்களின் புதிய மண்டபம் திறக்கப்பட்டது. இன்றும் அழகாக நிற்கிறது. உள்ளே மட்டப்பலகை, அதன் பொருள் சமத்துவம்.

அதே ஆண்டில் வெளியே என்ன நடந்தது? வைக்கத்தில், கோயிலைச் சுற்றியுள்ள தெருவில் நடப்பதற்கே மனிதன் போராடிக் கொண்டிருந்தான். அதற்காகப் பெரியார் இருமுறை சிறை கண்டு திரும்பியிருந்தார். சேரன்மாதேவி குருகுலத்தில், பொதுமக்கள் பணத்தில் சமைத்த சோற்றைப் பார்ப்பனச் சிறுவர் தனியிடத்தில் உண்ட கொடுமையைக் கண்டு தமிழ்நாடு கொதித்தது. 'குடிஅரசு' ஏடு மே 2இல் பிறந்தது. நவம்பரில் காஞ்சிபுரத்தில் பெரியார் காங்கிரசைவிட்டு வெளியேறினார்.

எழும்பூர் மண்டபம் தீங்கு செய்ததா? இல்லை. கல்விக்கும் மருத்துவத்துக்கும் அச்சங்கத்தார் பணம் தந்து வந்திருக்கின்றனர். கோவையில் குழந்தைகளுக்கான அவர்கள் மருத்துவமனையை அறிந்தவர் நன்றி சொல்வர். ஆனால் சமத்துவம் எழும்பூரில் சின்னமாக இருந்தது. வைக்கத்தில் போராக இருந்தது. சின்னத்தை எண்ணெய் போட்டுத் துடைக்கலாம், பளபளக்கும். போரைத் துடைக்க முடியாது, குருதி ஒட்டும். நாட்டை மாற்றியது எது என்பதை வரலாறு எழுதிவிட்டது.

1947இல் ஆங்கிலேயன் போனான். 1961 நவம்பர் 24இல் இந்தியத் தலைமைச் சபை தனியாக எழுந்தது. ராம்பூர் நவாபு ராசா அலிகான் முதல் கிராண்டு மாஸ்டர் ஆனார். பல லாட்ஜுகள் அதில் இணைந்தன. வேறு சில லண்டன் உறவைத் துண்டிக்க விரும்பாமல் பழைய மாவட்டத்திலேயே தங்கின. அது அவர்கள் விருப்பம், நான் குறுக்கிடேன். இன்று அச்சபைகளில் இந்து, முஸ்லிம், கிறித்துவர், சீக்கியர் எல்லோரும் அவரவர் நூலின்மீது ஆணையிடுகின்றனர். தத்தர் தட்டிய தட்டுக்கு அது வெற்றியே.

* * *

'இதையெல்லாம் எனக்கு ஏன் சொல்கிறாய்? நான் எந்த லாட்ஜிலும் இல்லையே' என்கிறாய்.

இருக்கிறாய், தோழா! நீயும் நானும் ஒரு சகோதர சங்கத்தில்தான் இருக்கிறோம். நமக்கும் கொடி உண்டு, சின்னம் உண்டு, துண்டு உண்டு. ஒருவரையொருவர் உடன்பிறப்பு என்றும் தோழன் என்றும் அழைத்துக்கொள்கிறோம். அப்படியானால் மட்டப்பலகையை நம் அலுவலகத்துத் தரையிலும் வைத்துப் பார்க்க வேண்டாமா?

நம் கிளை அலுவலகத்தில் நாற்காலி யாருக்கு, பாய் யாருக்கு? சேரியிலிருந்து வரும் தோழன் மாநாட்டுக்குக் கம்பம் நட்டானே, மாவட்டப் பட்டியலில் அவன் பெயர் எத்தனையாவது வரியில் இருக்கிறது? மகளிர் அணி என்று தனிக் கொட்டகை போட்டுவிட்டு, முடிவெடுக்கும் அறையின் கதவைச் சாத்திக்கொள்கிறோமா, இல்லையா? 2020ஆம் ஆண்டில், கடலூர் மாவட்டம் தெற்குத் திட்டையில், மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த ஊராட்சித் தலைவரை, ஒடுக்கப்பட்ட வகுப்பில் பிறந்த பெண்மணியை, மற்றவர்கள் நாற்காலியில் இருக்கத் தரையில் உட்கார வைத்த படத்தை நாடே பார்த்தது. அந்த அறையில் வாளேந்திய காவலன் இல்லை. அவன் தேவைப்படவில்லை, சாதி அந்த வேலையைச் சம்பளமின்றிச் செய்தது!

'இது ஊர் விவகாரம், கட்சியில் பேசாதே' என்று நமக்குள் யாரேனும் சொன்னால், அந்தப் பழைய விதியை நினைத்துக்கொள். சண்டை வரக்கூடாது என்று வாயைப் பூட்டிய சகோதரத்துவம், சேப்பாக்கத்தில் தன் சொந்தச் சகோதரனையே காக்கவில்லை. பேசாமையால் காக்கப்படும் ஒற்றுமை, பலசாலிக்குத்தான் காவல்.

அடுத்த முறை கடற்கரைச் சாலையில் நடக்கும்போது, அந்த அரண்மனையையும், விவேகானந்தர் இல்லத்தையும், தூண்கள் நிற்கும் வெள்ளை மாளிகையையும் ஒருமுறை நின்று பார். ஒன்றில் நாடிழந்த சகோதரன் இறந்தான். இன்னொன்றில், கதவைத் தட்டித் திறந்தவர்களின் வழியில் வந்தவர் தங்கினார். மூன்றாவதில் கதவைக் காக்க ஒருவன் வாளோடு நின்றான். பார்த்துவிட்டு நேரே உன் கிளை அலுவலகத்துக்குப் போ. கதவு சாத்தியிருந்தால் திற. திறக்க மறுத்தால் தத்தரைப் போல் தட்டு. ஒன்பது ஆண்டுகள் ஆனாலும் தட்டு!

உள்ளே இருப்பவனைச் சகோதரன் என்பது எளிது. வெளியே நிற்பவனைச் சகோதரன் என்று சொல்லத்தான் இயக்கம் வேண்டியிருக்கிறது.